சாஹுஜி டூர்ஸ் அண்ட் டிராவல்ஸ்

மெக்சிகோ போய் வந்தவர்கள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் காட்டுகிறார்கள். நீலம் பாரித்த கற்றாழைக் காடு, நடுவில் அகலத் தொப்பியோடு ஒரு கைடு, எல்லோர் கையிலும் விரல் நீளக் கண்ணாடிக் குப்பி. குவாதலஹாராவில் தனி வேன் பிடித்தால் டெக்கீலா ஊருக்கே கொண்டுபோய் இறக்குவார்களாம். ஆறேழு வருஷம் வளர்ந்த கற்றாழையின் அடித்தண்டை அவித்து, பிழிந்து, புளிக்க வைத்து, இரண்டு தடவை காய்ச்சி இறக்குவதைச் சுற்றிக் காட்டுவார்கள். பிறகு நேற்று இறக்கியது, பீப்பாயில் சில மாதம் கிடந்தது, வருஷக்கணக்கில் கிடந்தது என்று வரிசையாக ருசி பார்க்கச் சொல்வார்கள். மூன்றாவது குப்பிக்கு மேல் கைடு சொல்கிற சரித்திரம் பூராவும் உண்மையாகிவிடும்.

பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. தனி கைடு, படை பரிவாரம், இயற்கைக் காட்சி, கூடவே சாராயப் பீப்பாய் என்று எங்கள் பக்கத்தில் 1749-லேயே ஒரு சுற்றுலா கிளம்பியது. கைடுதான் கொஞ்சம் சரியில்லை.

எங்கள் பக்கம் என்றால் கீரப்பாளையம். சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகிற பஸ்ஸில் கொஞ்சம் கண்ணசந்தால் தாண்டிவிடும். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கிழக்கே பரங்கிப்பேட்டை. சரித்திரம் இந்த மூன்று பக்கமும் வந்து போயிருக்கிறது. நடுவில் இருந்த நாங்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தோம்.

சுற்றுலாக் கம்பெனியின் தலைமை அலுவலகம் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டை. கிழக்கிந்தியக் கம்பெனி அதை வாங்கிய விதமே தனிக் கூத்து. 1690-ல், செஞ்சியில் இருந்த மராட்டிய ராஜாராமிடமிருந்து கிரயம் பேசினார்கள். எல்லை எதுவரை? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரை. பட்டா, சிட்டா, அடங்கல், சர்வே கல் ஒன்றும் கிடையாது. அப்போது சென்னையில் தலைவராக இருந்தவர் எலிஹு யேல், பிற்பாடு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த அதே புண்ணியவான். எழுதிக் கொடுத்தவர்கள் ஏதோ சாதாரண பீரங்கி என்று நினைத்திருப்பார்கள். யேல் சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து, அதை இயக்கக் கைதேர்ந்த ஆளையும் சேர்த்து அனுப்பினார். நாலா திசையிலும் சுட்டார்கள். கடலூர் ஊரே எல்லைக்குள் வந்துவிட்டது. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. இன்றைய ரியல் எஸ்டேட்காரர்கள் இதைப் படிக்காமல் இருப்பது நல்லது.

1749 வாக்கில் அந்தக் கோட்டையில் ஒரு சங்கடம். பாண்டிச்சேரிக்காரர்களோடு போட்ட சண்டை முடிந்து சமாதானம் வந்துவிட்டது. ஐரோப்பாவில் கையெழுத்தாகிவிட்டதால் இங்கேயும் யாரும் யாரையும் சுடக்கூடாது. கப்பல் கப்பலாக வந்திறங்கிய சோல்ஜர்களோ சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வெறும் சாப்பாடு இல்லை, தினப்படி சாராயமும் உண்டு. கொழும்பு அரக்கு, பட்டேவியா அரக்கு என்றால் உசத்தி. கிடைக்காவிட்டால் வெல்லமும் வேலம்பட்டையும் ஊறப்போட்டுக் காய்ச்சிய நம்மூர்ப் பட்டைச் சாராயம். வேலையில்லாத சோல்ஜரிடம் பட்டைச் சாராயத்தைக் கொடுத்துக் கடலூர் வெயிலில் உட்காரவைத்தால் என்ன நடக்கும் என்று கம்பெனிக்குத் தெரியும். எங்கேயாவது அழைத்துப் போயாக வேண்டும்.

சரியாக அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் சாஹுஜி. தஞ்சாவூர் மராட்டிய ராஜ வம்சம். கொஞ்ச காலம் அரியணையில் இருந்து, பிறகு இறக்கிவிடப்பட்டவர். அந்த இடத்தில் இப்போது பிரதாப சிம்மன் உட்கார்ந்திருக்கிறான். சாஹுஜியின் பேச்சு ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும்:

“துரை, நீங்க என்கூட வந்தாப் போதும். கொள்ளிடத்தைத் தாண்டுனதும் சனங்க மாலையோட ஓடி வருவாங்க. சண்டையே இருக்காது.”

“செலவு?”

“எல்லாம் நான் தர்றேன் துரை. அரியணையில உட்கார்ந்த மறுநாளே.”

“அதுக்கு மேல எங்களுக்கு என்ன?”

“தேவிக்கோட்டை இருக்கே! கொள்ளிடம் கடல்ல சேர்ற இடம். காடு, ஆறு, காத்து... பார்க்கிறதுக்கே அவ்வளவு அழகா இருக்கும்.”

பிச்சாவரத்தில் படகு விடுகிறவர்கள் இன்றைக்கும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை என்பதுதான் வித்தியாசம்.

மார்ச் கடைசியில் கேப்டன் கோப் தலைமையில் படை கிளம்பியது. நானூற்றுச் சொச்சம் வெள்ளைக்காரர்கள், ஆயிரம் சிப்பாய்கள், நாலு பீரங்கி, வழிகாட்ட சாஹுஜி. கனமான சாமான்களும் சாப்பாடும் கடல் வழியாகக் கப்பலில் வரும், கொள்ளிடம் முகத்துவாரத்தில் எல்லோரும் சந்திக்கலாம் என்று ஏற்பாடு. தாளில் பார்த்தால் அருமையான திட்டம்.

ஏப்ரல் 13 அன்று வெள்ளாற்றங்கரையில் கூடாரம் போட்டார்கள். அன்று ராத்திரி புயல் அடித்தது. சித்திரை மாதத்தில் நம்மூரில் யாரும் புயலை எதிர்பார்ப்பதில்லை, கோப் மட்டும் எப்படி எதிர்பார்ப்பார்? கூடாரங்கள் கிழிந்து பறந்தன, வண்டி மாடுகள் செத்தன, சாமான் நனைந்தது. கரையில் இப்படியென்றால் கடலில் கதையே வேறு. ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவனின் 74 பீரங்கிக் கப்பலான நாமூர் தேவனாம்பட்டினத்துக்கு அருகே மூழ்கி, ஐந்நூறு பேருக்கு மேல் செத்தார்கள். இந்த ஓரிடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தானே புயலைப் பார்த்த கடலூர்க்காரர் யாருக்கும் வராது.

சிப்பாய்கள் பரங்கிப்பேட்டைக்குப் போய் சாமானைச் சரிசெய்துகொண்டு மறுபடி நடந்தார்கள். சிதம்பரத்தைத் தாண்டிக் கொள்ளிடம் போனார்கள். மாலையோடு ஓடி வருவார்கள் என்று சொன்ன சனங்களைக் காணோம். ஒரு பெரிய மனிதர், ஒரு கிராமத்து மணியக்காரர், யாருமே எட்டிப் பார்க்கவில்லை. தஞ்சாவூர்க் குதிரைப்படை மட்டும் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தது. சாஹுஜி “இன்னும் கொஞ்ச தூரம் போனா வருவாங்க” என்று சொல்லியிருக்கக்கூடும். எல்லாக் கைடும் சொல்வதுதான்.

சாப்பாட்டுக் கப்பலையும் காணோம். உண்மையில் கப்பல்கள் முகத்துவாரத்தில்தான் நங்கூரம் போட்டு நின்றன, கோட்டையிலிருந்து சில மைல் தூரம். இவர்களுக்கு அவர்கள் அங்கே இருப்பது தெரியாது, அவர்களுக்கு இவர்கள் இங்கே இருப்பது தெரியாது. நடுவில் காடு. தேவிக்கோட்டைக்குப் பக்கத்தில் வந்த பிறகும் மரம் மறைத்ததால் கோட்டை சரியாகக் கண்ணில் படவில்லை. ஏறிக் குதிக்க ஏணியும் கிடையாது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று ராத்திரி பூராவும் இருட்டில் கோட்டை இருக்கிற திசையாகப் பார்த்துப் பீரங்கி அடித்தார்கள். விடிந்ததும் பார்த்தால் கோட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு கடலூருக்குத் திரும்பினார்கள்.

இவ்வளவையும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் எழுதிவைத்தவர் கம்பெனியின் சரித்திரக்காரர் ராபர்ட் ஓர்ம். புத்தகம் 1763-ல் வந்தது. தன் கட்சி தோற்றதை இவ்வளவு விலாவாரியாக எழுத ஒரு மனசு வேண்டும். நம் ஆட்களாக இருந்தால் தேவிக்கோட்டை மரங்களை வெட்டி வீழ்த்திய வீரர் என்று கோப்புக்கு ஒரு பரணி பாடியிருப்போம்.

கம்பெனி விடவில்லை. ஒரு டூருக்குச் செலவழித்த பணத்தை மீட்க இன்னொரு டூர் போவது என்று முடிவாயிற்று. இந்தத் தடவை மேஜர் லாரன்ஸ், கடல் வழியாக. கொள்ளிடத்தைத் தாண்டத் தெப்பம் வேண்டும். கப்பல் தச்சன் ஜான் மூர் என்பவன் தெப்பமும் கட்டி, ராத்திரியில் எதிரி இருக்கும் கரைக்கே நீந்திப்போய் ஒரு மரத்து வேரில் கயிறும் கட்டிவிட்டு வந்தான். மொத்த விவகாரத்தில் சொன்ன வேலையைச் சொன்னபடி முடித்த ஒரே ஆள் அவன்தான். அவனுக்கு லண்டனில் சிலை கிடையாது. சிலை லாரன்ஸோடு வந்திருந்த கிளைவுக்கு. அந்த கிளைவ் கோட்டைச் சுவரை நோக்கி முன்னால் ஓட, பின்னால் வர வேண்டிய சிப்பாய்கள் நிதானமாக நின்றுவிட, குதிரைப்படையிடம் மயிரிழையில் தப்பினார். கடைசியில் கோட்டை விழுந்தது.

இனி கணக்கு. பிரதாப சிம்மன் விவரமானவன். “கோட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சாஹுஜிக்கு வருஷம் 4,000 ரூபாய் தந்துவிடுகிறேன். ஒரே நிபந்தனை, அவன் இந்தப் பக்கம் வரவே கூடாது, நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்றான். கம்பெனி சந்தோஷமாகச் சம்மதித்தது. அரியணையில் உட்கார வைக்கிறோம் என்று கூட்டிப் போன ஆளைக் காவலில் உட்கார வைத்தார்கள். உலகச் சுற்றுலா வரலாற்றில் கைடைப் பிடித்து உள்ளே வைத்த பயணிகள் இவர்களாகத்தான் இருக்க வேண்டும். பல கைடுகளைப் பார்க்கும்போது இந்த யோசனை எனக்கும் வந்ததுண்டு.

சரியில்லாத கைடோடு போனால் இப்படி. கைடே இல்லாமல் போனால்? அதற்கு 1758-ல் லாலி வந்தார். பிரெஞ்சு ராஜாவின் பெரிய தளபதி, பெரிய கோபக்காரர். ஏப்ரல் 28 அன்று பாண்டிச்சேரியில் கால் வைத்தார், அன்று சாயந்திரமே கடலூரைப் பிடிக்கப் படையை அனுப்பினார். உள்ளூர் ஆட்களைக் கேட்கவில்லை, கட்டுச்சோறும் கட்டவில்லை. பாண்டியிலிருந்து கடலூர் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். இன்றைக்கு முள்ளோடை தாண்டி அந்த ரோட்டில் எவ்வளவு போதையில் இருப்பவரும் வழி தவறுவதில்லை. லாலியின் படை போதையில்லாமலேயே ராத்திரி முழுக்க வழி தவறிச் சுற்றி, விடிந்த பிறகு பசியோடு வந்து சேர்ந்தது.

ஆனாலும் ஜூன் 2-ல் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தே விட்டார். அந்த ஜோரில் தஞ்சாவூருக்குக் கிளம்பினார். வழியில் அதே தேவிக்கோட்டை. ஆங்கிலேயர் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். பட்டினியாக வந்த சோல்ஜர்கள் களஞ்சியத்தைத் திறந்தால் நிறைய நெல். அரிசி இல்லை, நெல். குத்த உலக்கை இல்லை, உரல் இல்லை. கொள்ளிடக் கரையில் நெல்லுக்கு நடுவே உட்கார்ந்து பட்டினி கிடந்த படை அது ஒன்றுதான். கீரப்பாளையத்திலிருந்து நாலு பெண்களைக் கூப்பிட்டிருந்தால் ஒரு நாளில் குத்திக் கொடுத்திருப்பார்கள். கேட்டால்தானே.

சாப்பாடுதான் வாய்க்கவில்லை, சரக்காவது வாய்த்ததா என்றால், டிசம்பரில் வாய்த்தது. லாலி சென்னையை முற்றுகையிட வந்து 14-ம் தேதி கறுப்பர் நகரத்துக்குள் நுழைந்தார். அங்கே வீட்டுக்கு வீடு சாராயம். எட்டு மாதம் காய்ந்து கிடந்த படை, ருசி பார்ப்பது என்ற கட்டத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. கோட்டையிலிருந்து கர்னல் டிரேப்பர் ஐந்நூறு பேருக்குக் குறையாமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து தாக்கினார். பிரெஞ்சுத் தளபதிகளில் ஒருவரான கவுன்ட் தெஸ்தாங் ஆங்கிலேயப் படையைத் தன் படை என்று நினைத்து நேராக அவர்களிடமே போய்ப் பிடிபட்டார். அவருக்குக் கிட்டப்பார்வை என்று சொல்கிறார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம்.

இந்த டிரேப்பரை விடாமல் பின்தொடர்ந்தால் மெக்சிகோ வாசல் வரை போய்விடலாம். அன்றைக்கு இந்தப் பயணங்களுக்கெல்லாம் ஆன செலவில் நல்ல பங்கு மெக்சிகோ வெள்ளிதான். பரங்கிப்பேட்டையிலும் சென்னையிலும் கப்பலேறிய நம் துணி மணிலா போகும். அங்கிருந்து ஸ்பானியக் கப்பல்களில் பசிபிக்கைத் தாண்டி அகபுல்கோ போகும். பதிலுக்கு வெள்ளி வரும். 1565 முதல் 1815 வரை, 250 வருஷம், அந்தக் கப்பல்கள் போய் வந்தன. துணியை விற்று வெள்ளி வாங்குவதைவிட வெள்ளி இருக்கிற ஊரையே வாங்கிவிடலாமே என்று ஆங்கிலேயருக்குத் தோன்றியது. 1762-ல் டிரேப்பர் சென்னையில் கப்பலேறி மணிலாவைப் பிடித்தார். ஊரைக் கொள்ளையடிக்காமல் இருக்க 40 லட்சம் ஸ்பானிய டாலர் கேட்டார். அங்கே கவர்னர் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர் ஒரு ஆர்ச்பிஷப். கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு, பாதித் தொகைக்கு மாட்ரிட் கஜானாவின் பேரில் உண்டியல் எழுதிக் கொடுத்தார். மாட்ரிட்டில் “அப்படியா, யார் எழுதினது?” என்ற தோரணையில் கையை விரித்துவிட்டார்கள். அந்தப் பணம் வரவே இல்லை.

டிரேப்பரோடு போன சென்னைச் சிப்பாய்களில் சிலர் திரும்பவே இல்லை. செத்துப்போய்விடவில்லை. மணிலாவுக்குப் பக்கத்தில் காயின்தா என்ற ஊரில் பெண் எடுத்துக்கொண்டு தங்கிவிட்டார்கள். அவர்கள் வம்சம் இன்றும் அங்கே இருக்கிறது. சுற்றிலும் தென்னந்தோப்பு, தோப்பில் கள், கள்ளைக் காய்ச்சி இறக்கும் சாராயம். கம்பெனி கேப்டன் பின்னால் நடந்த காலத்தில் கிடைக்காத ஏற்பாடு.

அந்த பிலிப்பைன்ஸ் ஆட்கள் அதற்குக் கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துக்கு முன்பே அகபுல்கோ கப்பல்களில் மாலுமியாகப் போய், மெக்சிகோவின் கொலிமா பக்கம் இறங்கி, தென்னை ஏறிக் கள் இறக்கி, சாராயமும் காய்ச்சினார்கள். ஸ்பெயின் ஒயின் விற்பனை படுத்துவிட்டது என்று 1612-ல் அதற்குத் தடை போட்டுப் பார்த்தார்கள். கற்றாழையைக் காய்ச்சி இறக்கும் வித்தையே மெக்சிகோக்காரர்களுக்கு இவர்கள் காட்டிக்கொடுத்தது என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் டெக்கீலாவுக்குத் தென்னங்கள் தாய்மாமன் முறை.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. டாஸ்மாக்கில் எது வேண்டுமானாலும் கிடைக்கும், மரத்திலிருந்து வருவது மட்டும் கிடைக்காது. முறைப்படி ருசி பார்க்க ஆசைப்படும் கீரப்பாளையத்துக்காரர் கொலிமாவுக்குத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். அங்கே தெருவில் கூவி விற்கிறார்கள். கைடு தேவையில்லை. கேட்டால் குவளைக்குள்ளேயே ஒரு பிடி கடலையையும் போட்டுத் தருவார்கள்.