வர்ணம் பூசும் வைபவம்

உள்ளதை உள்ளபடி காட்டுவதற்கே புகைப்படம் தோன்றிற்று என்பது பொதுவான அபிப்பிராயம். ஆயினும் தம் முகம் உள்ளபடியே தெரியவேண்டும் என்று ஆசைப்பட்ட ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. 1839-இல் பாரிஸில் டாகேர் என்பவரின் புகைப்பட முறை வெளியாகி உலகம் அதிசயித்து முடிப்பதற்குள்ளாகவே, ஐசென்ரிங் என்னும் சுவிட்சர்லாந்து ஓவியர் கோந்தும் வர்ணப் பொடியும் கொண்டு அந்தச் சாம்பல் முகங்களுக்கு நிறமேற்றத் தொடங்கிவிட்டார் என்றால், மனித சுபாவத்தை விஞ்ஞானத்தைவிட அவர் நன்கு அறிந்திருந்தார் என்றே கொள்ளவேண்டும்.

அக்காலத்து நம்மூர் ஸ்டூடியோக் கலைஞர்களும் இந்தத் தர்மத்தில் வழுவாதவர்கள். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பழுப்பாக்கி, பஞ்சு சுற்றிய குச்சியால் அதன்மேல் வர்ணத்தை மெல்லியதாகத் தேய்க்கும்போது, புடவையின் நிறம் யாதென்று அவர்கள் விசாரித்தாலும், வந்த பதில் கட்டியிருந்த புடவையைப் பற்றியதாக இராமல், கட்ட விரும்பிய புடவையைப் பற்றியதாகவே இருந்தது.

இக்காலத்துப் படமோ, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 256 படிகள் வைத்து 1,67,77,216 நிறபேதங்களைக் காட்டவல்லது. அத்தனையையும் துடைத்தெறிந்து, அந்தப் பழைய படம்போலவே ஐந்தாறு வர்ணங்களைக் கையால் பூசுவதென்பது, கோடீசுவரன் சொத்தைத் துறந்து திருவோடு ஏந்துவது போன்ற ஒரு வைராக்கியம். ஃபோட்டோஷாப்பில் புதிய லேயர் ஒன்றைப் போட்டு, அதன் பிளெண்டிங் மோடைக் 'கலர்' என்று அமைத்தால், அடியிலிருக்கும் ஒளியும் நிழலும் அப்படியே நிற்க, நாம் பூசும் நிறம் மட்டும் படியும். சிரமம் என்னவெனில், யந்திரத்தின் பிரஷ் மிகவும் ஒழுக்கமுள்ளது. உதட்டின் விளிம்பிலே நிறுத்தினால் நின்றுவிடும். பழைய படத்தின் லட்சணமோ, உதட்டுச் சிவப்பு மோவாய்ப் பக்கம் சற்றே சஞ்சாரம் செய்வதிலிருக்கிறது. ஆகவே பிரஷின் ஓரத்தை மிருதுவாக்கி, அதற்கு அபசாரத்தைப் பிரத்தியேகமாகப் பயிற்றுவிக்க வேண்டியிருக்கிறது.

பெரியப்பாவின் சஷ்டியப்தபூர்த்திப் படத்துக்கு இவ்விதம் நான் வர்ணம் பூசுவதாகத் தெரிந்ததும், பெரியம்மா என் நாற்காலிக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டாள். விலை அதிகம் என்று பெரியப்பா அன்று கடையிலேயே விட்டுவரச் செய்த மயில்கழுத்துப் பட்டு, அரக்குப் புடவையின்மேல் ஏறிற்று. கழுத்தில் காசுமாலை தோன்றிற்று. "அண்ணிக்குக் காசுமாலையென்றால் எனக்கு ஒட்டியாணமாவது போடக்கூடாதாடா?" என்று அத்தை கேட்டது நியாயமே, அதுவும் ஏறிற்று. இவற்றையெல்லாம் வீண் ஆடம்பரமென்று கண்டித்துக்கொண்டிருந்த பெரியப்பா, பெண்கள் எழுந்து போனதும், தம் தலையைப் பற்றி மெதுவாகப் பிரஸ்தாபித்தார். வெண்மையான இடத்தில் 'கலர்' மோட் ஒட்டாது என்பது மென்பொருளின் சித்தாந்தம். ஆதலால் 'மல்ட்டிப்ளை' என்னும் வேறொரு மோடின் கிருபையால் அவருக்குக் கேசம் கறுத்தது.

படத்தைக் கூடத்தில் மாட்டினோம். வந்த விருந்தினரிடம் பெரியம்மா, அந்த மயில்கழுத்துப் புடவையைக் காஞ்சிபுரத்துக்கே போய்ச் சொல்லி நெய்வித்ததாக விஸ்தாரமாக வர்ணித்தாள். அருகிலிருந்த பெரியப்பா மறுக்கவில்லை, "விலையைப் பார்த்தால் முடியுமா?" என்றார்.