பாட்டில் வைத்தியரே, வாங்க

வாய்யா மாப்ள! ஐப்பசி பிறந்ததும் பிறக்காததுமா கொட்டகைய நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி இறுக்கிட்டியாமே? மாட்டு மேல அம்புட்டுப் பாசம்! உள்ள ஒரு ராத்திரி நீயும் படுத்துப் பாரேன். மூத்திர நெடியில கண்ணு கரிக்கும். உனக்கே கரிச்சா கன்னுக்குட்டி நெஞ்சு என்ன பாடு படும்? குளிரவிட அந்த நெடியும் ஈரத்தரையுந்தான் அதுக்கு எமன். சாரல் அடிக்கிற பக்கம் மட்டும் இடுப்பளவுக்கு மற. மேல காத்து போகட்டும்.

அதென்ன, இருமுன பசுவுக்கு நீயே வைத்தியம் பார்த்தியாம்ல? பீர் பாட்டில்ல கசாயம், மூஞ்சி வானத்தப் பார்க்க, ஒருத்தன் நாக்கப் பிடிச்சு இழுக்க, நீ மடமடன்னு ஊத்தினியாம். நாக்கு உங்க கையில இருந்தா அது எதவச்சு முழுங்கும்? பாதி வயித்துக்கு, பாதி நுரையீரலுக்கு! இருமலக் குடுத்து நிமோனியாவ வாங்குன யாவாரி நீதான். ஊத்தித்தான் ஆகணும்னா மூக்கு கண்ணு மட்டத்துக்கு மேல போகாமப் பிடி. கடவாய் ஓரமா மடக்கு மடக்கா விடு. இருமுச்சுன்னா உடனே தலைய விட்டுரு. மூச்சுத் திணறுற மாட்டுக்கு அதுவும் வேணாம்.

கன்னு போட்ட அன்னைக்குச் சீம்பால் தெருவுக்கே சொம்புல வந்துச்சு, ருசிதான், இல்லைங்கல. ஆனா கன்னு மட்டும் நஞ்சுக்கொடி விழுறவரைக்கும் பட்டினி! ரெண்டு மணி நேரத்துக்குள்ள அதுக்கு ஊட்டணும்யா. 25 கிலோ கன்னுக்கு அன்னைக்கே ரெண்டர லிட்டர் போகணும். நோய எதுக்குற தெம்பே அதுலதான் இருக்கு.

தொண்டை அடைப்பான் ஊசி மழைக்கு முன்னாலயே போடணும். தொண்டை வீங்கி, கர்ருகர்ருன்னு மூச்சு இழுத்து, காய்ச்சல் 105, 106-ன்னு ஏறினப்புறம் குலசாமிக்கு நேந்து என்ன செய்ய? எருமையெல்லாம் பல நேரம் ஒரு நாள்கூடத் தாங்காது. மாட்டுக்கு 101, 102 டிகிரி சூடு சாதாரணம். 103-ஐத் தாண்டி, மூக்கு ஒழுகி, தீனியும் எடுக்கலன்னா டாக்டரக் கூப்பிடு. இல்ல கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962-க்கு அடி. போன்ல ரீல்ஸ் மட்டுமா வரும்?

டாக்டர் 5 நாளைக்கு ஊசி சொன்னா, ரெண்டாம் நாள் வைக்கோலக் கடிச்சிருச்சுன்னு நிறுத்திராத. ஊசி போடுற நாளும், அதுக்கப்புறம் அவரு சொல்ற நாள் வரைக்கும் பால சொசைட்டிக்கு ஊத்தாத. தண்ணி கலக்குற கைக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும்.