பூசணத்துக்கு இரண்டு கோட்டு பெயிண்ட்

மழை நின்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் தெருவுக்கு நாலு வீட்டில் சாரம் கட்டிவிட்டார்கள். பொங்கல் வருகிறதல்லவா! சுவரில் கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. முழங்கால் உயரத்தில் வெள்ளம் போட்டுவிட்டுப் போன கோடு இன்னும் அழியவில்லை. அதன்மேலேயே பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, ஷேடு அட்டையில் தேடிப்பிடித்த ஒரு பச்சையைப் பூசிக்கொண்டிருக்கிறார்கள். "ரெண்டு கோட்டு அடிச்சா இருக்கிற இடமே தெரியாது சார்" என்கிறார் பெயிண்டர். சத்தியமான வார்த்தை. பூசணம் இருக்கிற இடம் தெரியவே தெரியாது, அடுத்த ஐப்பசி வரைக்கும். தண்ணீர் புகுந்த வீட்டில் பூசணத்தை ஒழிக்க ஓர் எளிய வழி உண்டு; அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் இந்தப் பொங்கல் பெயிண்ட்டைப் பற்றிப் பேசியாக வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு இன்று தூக்கம் வராது.

பூசணத்தின் வித்துகள் வெள்ளத்தில் மிதந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அவை எப்போதும் வீட்டுக் காற்றிலேயே இருப்பவை. அவற்றுக்கு வேண்டிய சாப்பாடும் நாமே வாங்கி வைத்ததுதான்: பிளைவுட், அட்டைப்பெட்டி, பருத்தித் துணி, பெயிண்ட்டில் கலந்திருக்கும் பசை, சுவரில் படிந்த தூசி. பாக்கி தண்ணீர் ஒன்றுதான். அது கிடைத்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஈரத்தைக் காயவைக்காவிட்டால் முளைத்துவிடும் என்பது பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் புகுந்த தண்ணீர் பல தெருக்களில் நாள்கணக்கில் வடியவேயில்லை. இன்னொரு கணக்கும் இருக்கிறது, கட்டடக்காரர்களுடையது. முழுக்க நனைந்த செங்கல் சுவர் இஞ்சுக்கு ஒரு மாதம் என்ற வேகத்தில் காயும். நம் வீட்டு வெளிச்சுவர் ஒன்பது இஞ்சு. அந்த டிசம்பர் 4-க்கும் அடுத்து வந்த பொங்கலுக்கும் இடையே 42 நாள். ஆக, பெயிண்டர் ஏணியைச் சாத்தியபோது ஒன்றரை இஞ்சு காய்ந்திருக்கும், மீதி ஏழரை. ஏழரை என்றதும் உங்களுக்கு வேறு ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

"அது வெயிலையே பார்க்காத இங்கிலாந்துக் கணக்கு, நம்ம ஊர் வெயிலுக்கு எடுபடாது" என்று ஒருவர் சொல்வார். நியாயமான ஆட்சேபம். ஆனால் அந்த வெயில் மார்கழியில் எங்கே இருக்கிறது? காற்றில் ஈரப்பதம் எழுபது, எண்பது சதவீதம் நிற்கிற கடற்கரை ஊரில் கொடியில் போட்ட ஜீன்ஸ் மூன்றாம் நாளும் இடுப்புப்பட்டையில் ஈரமாகவே இருக்கிறது. ஒன்பது இஞ்சுச் செங்கலுக்கு மட்டும் என்ன அவசரம்? வெளிப்பக்கம் வெயில் பட்டாலும் உள்பக்கம் பீரோ நிற்கிறது. பீரோவுக்குப் பிறகு வருகிறேன். தாராளமாகத் தள்ளுபடி கொடுத்து, நம் சுவர் ஏழெட்டு மாதத்தில் காய்ந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தையில் பெயிண்ட் அடிப்பது ஈரத்தை உள்ளே வைத்துத் தைப்பதுதான்.

இங்கேதான் நம் முன்னோர் வந்து நிற்பார்கள். "காலங்காலமா போகிக்கு முன்னாடி வெள்ளையடிக்கிறோமே, அப்பல்லாம் பூசணம் வந்துச்சா?" வரத்தான் செய்தது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். காரணம் மாதம் இல்லை, சுண்ணாம்பு. நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து அடித்த அந்தச் சுண்ணாம்பின் காரத்தன்மை (pH) 12-க்கு மேல். பூசணத்துக்கு அதில் பிழைப்பே கிடையாது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துக் குடித்து நாளடைவில் காரம் மங்கிவிடும். அதனால் வருஷம் தவறாமல் மறுபடி அடித்தது சடங்கும்தான், பராமரிப்பும்தான். அதைவிட முக்கியம், சுண்ணாம்பு பூசிய சுவர் வழியாக ஈரம் ஆவியாகி வெளியே போகும். இன்று நாம் அடிப்பது அக்ரிலிக் எமல்ஷன். அது சுவர்மேல் ஒரு பிளாஸ்டிக் தோல். தேதியை அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மாற்றிவிட்டோம். "இது தண்ணி புகாத பெயிண்ட்டு, வாரண்டி உண்டு" என்பார் கடைக்காரர். காய்ந்த சுவருக்குள் மழைத் தண்ணீர் புகாது, உண்மை. ஏற்கெனவே புகுந்த தண்ணீர் வெளியே போகவும் போகாதே! அது பெயிண்ட்டை உள்ளிருந்து தள்ளும். அரையடிக்கு ஒரு கொப்புளம் எழும்பும். அதை விரலால் அழுத்திப் பாருங்கள்: மேல்தோல் பொட்டென்று உடையும், பின்னால் பட்டி மாவாக உதிரும், அதற்கும் பின்னால் பூச்சின்மேல் எள்ளைத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். இரண்டு கோட்டுக்கும் அவை ஆடாமல் அசையாமல் உள்ளே குடித்தனம் நடத்தியிருக்கின்றன.

இனி பீரோ. அதற்கும் முன்னால் காலண்டர், ஏனென்றால் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஹாலில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சுவர் மஞ்சளடித்தால் அங்கே ஆணி அடித்து மளிகைக்கடை காலண்டரை மாட்டுவது நம் முதல் சிகிச்சை. கறை வளரும். மளிகைக்கடைக்காரர் போய் நகைக்கடைக்காரர் வருவார், அவருடையது பெரிது. கார்த்திகையில் ஓதம் மகாலட்சுமியின் தாமரை வரைக்கும் ஏறும். மார்கழியில் கொட்டும் பொற்காசுகளைத் தொடும். அப்புறம் பக்கத்திலேயே ஒரு தினசரி காலண்டர், அதற்குப் பக்கத்தில் ஒரு கடிகாரம், அதன் கீழே பையனின் பள்ளிக்கூட குரூப் போட்டோ. இப்படி ஒரே சுவரில் வருமானம், நாள், நேரம், கல்வி நான்கும் தொங்கும் வீட்டுக்குள் நுழைந்தால் குடும்பத்தின் பெருமையை வியந்துவிடாதீர்கள், பின்னால் குளியலறைக் குழாய் கசிகிறது. சட்டங்கள் போதாமல் போகும்போது தட்டுமுட்டுச் சாமான்கள் களத்தில் இறங்கும். சோபா இந்தப் பக்கம் நகரும். அதற்கு மேலே எழும்பினால் ஷோகேஸ். ஷோகேஸையும் மீறினால் பீரோ. ஆறடி உயர இரும்பு. இனி எந்தக் கறையும் அதைத் தாண்டி எட்டிப் பார்க்க முடியாது. சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு விரல் நுழையாத இடைவெளி, வெளிச்சம் இல்லை, காற்று இல்லை, கூட்டுகிறவர் கை எட்டுவதில்லை. காசு கொடுத்துப் பூசணம் வளர்க்கும் ஆய்வுக்கூடத்தில்கூட இவ்வளவு வசதி இருக்காது. பீரோவுக்குள்ளே கல்யாணப் பட்டு சாம்பல் பூத்து, கல்யாண ஆல்பத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அந்துருண்டை வாசனையையும் மிஞ்சி ஒரு முடைநாற்றம் வந்த பிறகே பீரோவை நகர்த்துவோம். நகர்த்திப் பார்த்துவிட்டு என்ன செய்வோம்? வேறு சுவருக்குத் தள்ளுவோம். பழைய சுவருக்கு வால்பேப்பர்.

இந்தக் காலண்டர் பரம்பரையின் கடைசி வாரிசு பி.வி.சி. பேனல். இப்போது வேளச்சேரியில் பார்க்கிற ஹாலில் எல்லாம் டி.வி.க்குப் பின்னால் மரம்போலத் தோன்றும் வரிவரியான பலகை பளபளக்கிறது. அலங்காரம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்தப் பலகை பெரும்பாலும் ஓதச்சுவரிலேயே வந்து உட்காருவது எப்படி? கூரைக்கு இதே வேலையை ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் செய்கிறது. மாடிக் குளியலறைக் கசிவை ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைப்பது இன்னும் மோசம்: ஜிப்சம் பலகையின் இருபுறமும் காகிதம், நனைந்த காகிதத்தைவிடப் பூசணத்துக்குப் பிடித்த பண்டம் கிடையாது. நான் காலண்டரைப் பற்றித்தான் அளவுக்கு மீறிப் பேசுகிறேன் என்று தெரிகிறது. ஆனால் வாதம் அதிலேயே அடங்கியிருக்கிறது: பூசணத்தை நாம் ஒரு நிறமாகப் பார்க்கிறோம், நிறத்துக்கு மருந்து தேடுகிறோம். அது தண்ணீரின் கணக்குச்சீட்டு. குழாயையும் மொட்டைமாடியையும் பார்க்காமல் சுவரைப் பார்ப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"அதான் பிளீச்சிங் பவுடர் இருக்கே" என்பது அடுத்த ஆட்சேபம். டைல்ஸ், கண்ணாடி, பீங்கான் மீது அது வேலை செய்யும். பூச்சுச் சுவரிலும் மரத்திலும் குளோரின் மேலாகவே நின்றுவிடுகிறது, கரைத்த தண்ணீர் மட்டும் துளைகளுக்குள் இறங்கி வேருக்குப் பாசனம் செய்கிறது. மேலே வெளுக்கும், வீட்டார் நிம்மதி அடைவார்கள், பூசணமும் அடையும். செத்த பூசணமும் தும்மலைக் கிளப்பும் என்பதால் அதைத் துடைத்து எடுத்தே ஆக வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே பிளீச்சை வழக்கமான வைத்தியமாகப் பரிந்துரைப்பதில்லை. சோப்புத் தண்ணீர், பிரஷ், பிறகு நன்றாகக் காயவைத்தல், அவ்வளவுதான் சொல்கிறது. முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன்: பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். ஊறிப்போன இலவம்பஞ்சு மெத்தை, உப்பிய பிளைவுட் இரண்டையும் காப்பாற்றப் பார்ப்பது வீண். வாங்கிய விலையை நினைத்து அழுதுவிட்டு வெளியே போடுங்கள். சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதையெல்லாம் பூசணம் என்று தேய்க்கவும் வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கரைந்துவிட்டது என்றால் அது செங்கல் கக்கிய உப்பு. கரைந்தால் கண்ணுக்கு ஆறுதல், ஆனால் சுவர் இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

கறுப்புப் பூசணம் என்றாலே ஆளைக் கொல்லும் என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு, "இதெல்லாம் ஒரு விஷயமா, நாங்க பார்க்காத பூசணமா" என்று மார்தட்டுகிறவர்களும் உண்டு. இருவரையும் ஒரே அறையில் பூட்டலாம், ஓதமில்லாத அறையாகப் பார்த்து. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1993-94-இல் குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தக்கசிவு வந்தபோது ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கறுப்புப் பூசணத்தின் மேல் பழி விழுந்தது. அந்தத் தொடர்பு நிரூபணமாகவில்லை என்று அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையமே 2000-இல் சொல்லிவிட்டது. ஆகவே நிறத்தைப் பார்த்து அலற வேண்டாம். அதற்காக அலட்சியமும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி ஓதமும் பூசணமும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமா மோசமாவதும் அதிகம் என்கிறது. இவ்வளவு வித்து வரை பரவாயில்லை என்று அது எண் எதுவும் கொடுக்கவில்லை. ஈரத்தை நிறுத்து என்பதே அதன் சாரம். இரவெல்லாம் இருமுகிற குழந்தைக்கு சிரப் மாற்றி சிரப் வாங்குகிறவர்கள் கட்டிலை ஒட்டிய சுவரை ஒருமுறை தொட்டுப் பார்த்தால் தேவலை.

வாடகை வீடு என்றால் கதை இன்னும் அழகு. காலி செய்யும்போது அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் 'பெயிண்டிங்' என்று பிடித்துக்கொள்வது சென்னையின் எழுதாத சட்டம். எழுதிய சட்டம் வேறு மாதிரி இருக்கிறது. 2017-இல் தமிழ்நாடு இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின் அட்டவணை, ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொள்ளாத பட்சத்தில், சுவருக்கு வெள்ளையடிப்பதை வீட்டுக்காரர் தலையில்தான் கட்டுகிறது. நடப்பதோ, போகிற குடித்தனக்காரர் காசில் பூசணத்தை மறைத்து, வருகிற குடித்தனக்காரருக்குப் புதுப் பெயிண்ட் வாசனையோடு சாவியைக் கொடுப்பது. அவர் பதினோரு மாதம் கழித்துப் போகும்போது அவர் பங்குக்கு மறைத்துவிட்டுப் போவார்.

சரி, எப்போதுதான் அடிப்பது? ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் பெயிண்டரைத் திருப்பி அனுப்புங்கள். டிசம்பரில் நனைந்த சுவர் வெயில் காலம் முழுக்கக் காய்ந்து, மேற்கத்திக் காற்றும் வாங்கி, ஒருவாறு தேறுகிற மாதம் ஆடி. அதுவும் பீரோவை ஒரு சாண் தள்ளிப் போட்டு, காலண்டர்களைக் கழற்றி, மழைநாளில் ஜன்னலைச் சாத்தி, வெயில் நாளில் திறந்து, ஃபேனை ஓடவிட்டிருந்தால். ஆடியில் நல்ல காரியம் ஆகாது என்பீர்கள். பெயிண்ட் அடிப்பது கல்யாணமா? ஜவுளிக்கடையில் நிற்க இடமில்லாமல் புடவை அள்ளுகிறோமே, அது எந்த மாதத்தில்? அதுவரைக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள் பொக்கைச் சுவரைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்று கேட்டால், அவர்கள் வீட்டிலும் புகுந்தது அதே ஏரித் தண்ணீர்தான். நம்பிக்கை இல்லாவிட்டால் அடுத்த முறை போகும்போது அவர்கள் ஹால் காலண்டரைத் தூக்கிப் பாருங்கள். மரியாதை இல்லைதான், நான் தூக்கிவிடுவேன், என்னை இப்போதெல்லாம் அதிகம் பேர் கூப்பிடுவதும் இல்லை.