துப்பறிவோர் படும் துக்கம்

லண்டன் மாநகரத்தைப் பற்றி ஆங்கில நாவலாசிரியர் ரெய்னால்ட்ஸ் எழுதிக் குவித்த பாபங்களையும் மர்மங்களையும் தமிழ்ப் பெயர் சூட்டி, நம் தேசத்து உடை உடுத்தி இறக்குமதி செய்த ஆரணி குப்புசாமி முதலியாரின் சொந்த ஊர் இன்று எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் அடங்கியிருக்கிறது என்பதால், குற்ற நாவல்களைக் குறித்து அபிப்பிராயம் சொல்ல எங்களுக்குப் பாரம்பரிய பாத்தியதை உண்டு.

அந்தப் பாத்தியதையின் பேரில் கூறுகிறேன்: அண்மையில் நான் வாசித்த மேனாட்டுக் குற்ற நாவல்களில் துப்பறிவோர் எவரும் துப்பறிவதில்லை, துக்கப்படுகிறார்கள். விவாகம் முறிந்து, மது மிகுந்து, மகளோடு பேச்சுவார்த்தை அற்று, ஓயாத மழையில் ஜன்னலோரம் நின்று அவர்கள் விடும் பெருமூச்சுகள் ஓய்வதற்குள், கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் ஒருவர் நிதானமாக நடந்து, இடையில் சுக்குக் காப்பியும் அருந்திவிடலாம். ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ நாவலில் வரும் துப்பறியும் கோவிந்தனுக்கு இத்தகைய மனோவியாகூலம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை; பாவம், அவருக்கு வேலை இருந்தது.

எங்கள் ஊரான திருவண்ணாமலையின் பிரசித்தமான குற்றமோ குற்ற நாவல் கலைக்கே விரோதமானது. 1924-இல் ரமணாசிரமத்தில் புகுந்த திருடர்கள் ரமண மகரிஷியையே அடித்தபோது, அவர்களைத் தாக்கப் புறப்பட்ட சீடர்களை அவர் தடுத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளுமாறு திருடர்களுக்கே வழிவிட்டார். இதில் எந்த ஆசிரியன் முந்நூறு பக்கம் தேற்றுவான்?

முப்பதாம் பக்கத்துக்குள் பிணம் விழாத நாவலை இனி இரவலாகக் கொடுத்தாலும் நான் வாங்குவதாயில்லை.