துண்டு போட்ட பிரிண்டர்

கரிசல்காட்டில் வீடு கட்டியவர்கள் வெயிலுக்குப் பயந்து கட்டினார்கள். வைஃபை என்று ஒன்று வரும் என அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், பழைய கட்டுச் சுவரின் கனம் இரண்டடி. கல், சுண்ணாம்பு, தாத்தாவின் பிடிவாதம் மூன்றும் கலந்து எழுப்பிய சுவர். முன்கட்டில் அப்பா அம்மா, மாடியில் அண்ணனும் மதினியும், முற்றம் தாண்டினால் பெரியப்பா. மூன்று அடுப்பு எரிகிற வீட்டுக்கு ஒரே ரௌட்டர், ஒரே பிரிண்டர் என்று முடிவானது. "கிணறு பொது, களம் பொது, பிரிண்டர் மட்டும் ஆளுக்கொண்ணா?" என்று அப்பா கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

ஃபைபர் கேபிளைத் தெருவிலிருந்து பூமிக்கடியில் கொண்டுவந்தால் லட்சணமாக இருக்குமே என்றேன். கேபிள் இழுக்க வந்த பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அண்ணன் ஊருக்குப் புதுசா?" என்றான். கரிசல் மண் மழைக்கு ஊதும். சித்திரை வெயிலில் கை நுழைகிற அகலத்துக்கு வெடிக்கும். உள்ளே கிடப்பது குழாயோ கேபிளோ, வருஷத்துக்கு ஒரு தரம் இழுத்துப் பார்க்காமல் விடாது. "மண்ணுல போட்டா மண்ணு இழுக்கும், மரத்துல கட்டுனா அணில் கடிக்கும். அணிலு பரவால்லண்ணே" என்று சொல்லிவிட்டு, கரண்டு கம்பத்திலிருந்து வேப்பமரம், வேப்பமரத்திலிருந்து ஜன்னல் என்று கட்டி முடித்தான்.

ரௌட்டரை எங்கே வைப்பது என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. விலை உயர்ந்த சாமான் பீரோவுக்குள்தான் இருக்க வேண்டும். இரும்பு பீரோவுக்குள் வைத்தால் ரேடியோ அலை வெளியே வராதம்மா என்றேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா தலையைத் தூக்கினார்.

"ரேடியோவா? அப்ப லைசென்ஸ் எடுத்தாச்சா?"

பெரியப்பா ஒரு காலத்தில் தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி ரேடியோ லைசென்ஸ் வைத்திருந்தவர். அந்தப் புத்தகம் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சின்னச் சக்தியோடு இயங்கும் கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2005-லேயே சர்க்கார் சொல்லிவிட்டது என்றேன். "சும்மா குடுக்கான்னா அதுல சத்து இருக்காதுலே" என்று தீர்ப்பளித்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

அவர் சொன்னதில் பாதி நிஜம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர்; 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிகூட இல்லை. ஐந்து வேகமாக ஓடும், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். இரண்டரைக்குக் கொஞ்சம் குறைந்தது நிதானமாகப் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். தாத்தாவின் சுவருக்கு முன்னால் இரண்டுமே கை கட்டி நின்றன. கடைசியில் முன்கட்டிலிருந்து மாடிக்கு ஒரு லேன் கேபிள் ஓட்டி, பரணில் கிடந்த பழைய ரௌட்டரை அதன் முனையில் மாட்டினேன். பழையதில், கருவிகளுக்கு நம்பர் கொடுக்கிற டிஎச்சிபியை மறக்காமல் அணைத்துவிட வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பேர் நம்பர் கொடுக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பது கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஐப்பசி பிறந்ததும் இடி. கிழக்கே கறுத்தாலே அம்மா எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவாள். ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதில் போவது வெளிச்சம், மின்னல் அதன் வழியாக வராது என்று விளக்கினேன். "கண்ணாடி சரி. அந்த டப்பாவுக்குக் கரண்டு எங்கயிருந்து வருது?" என்றாள். கரண்டு கம்பி வழியாகத்தான் வருகிறது. இடி கம்பிமேல் விழுந்தால் அடாப்டரும் அதற்கு அப்பால் உள்ளதும் போகும். டிப்ளமா படித்த கேபிள் பையன்கூட இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவில்லை.

இனி பிரிண்டர். மதினி தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறார். 600 பெட்டி ஒரு பண்டல். பண்டல் பண்டலாக வடக்கே லாரி ஏறும். ஈ-வே பில் கையில் வராமல் டிரைவர் சாவியைத் தொடமாட்டார். ஈபியில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தி மதியத்துக்கு மேல் கரண்டு கொடுப்பார்கள் அல்லவா, சொல்லிவைத்தாற்போல அன்றைக்குத்தான் லாரி நிற்கும், அன்றைக்குத்தான் கம்ப்யூட்டர் 'பிரிண்டர் ஆஃப்லைன்' என்று சொல்லும். பிரிண்டரோ பச்சை விளக்கு எரிய எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்.

"தம்பி, கண்ணு முன்னால இருக்கிறத இல்லேங்குதே, இது என்ன நியாயம்?" என்று மதினி மாடியிலிருந்து குரல் கொடுப்பார்.

நியாயம் இதுதான். கரண்டு வந்ததும் வீட்டிலுள்ள கருவிகளெல்லாம் ரௌட்டரிடம் ஆளுக்கொரு நம்பர் கேட்டு ஓடும். 192.168.1.2, 192.168.1.3 என்று ரௌட்டர் வாரிக் கொடுக்கும். போன வாரம் யாருக்கு எது கொடுத்தோம் என்ற ஞாபகம் எங்கள் வீட்டு ரௌட்டருக்குக் கரண்டோடு போய்விடுகிறது. பிரிண்டர் மெதுவாக எழுந்து, தொண்டையைச் செருமி, தலையை இடமும் வலமும் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவதற்குள் அதன் பழைய நம்பரில் டிவி பெட்டி உட்கார்ந்திருக்கும். மதினியின் கம்ப்யூட்டர் பழைய நம்பருக்கே போய் ஈ-வே பில்லை நீட்டும். டிவி அதை வாங்கி என்ன செய்யும்?

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அதே வேலைதான் மருந்து. ரௌட்டருக்குள் நுழைந்து, பிரிண்டருக்குத் தயாரிப்பிலேயே பொறித்து வந்த 12 இலக்க மேக் அட்ரஸை எழுதி, இந்த நம்பர் இவருக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட வேண்டும். அதற்கப்புறம் எத்தனை தாமதமாக வந்தாலும் இடம் காலியாக இருக்கும். பஸ்ஸில் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு உட்காருகிறவர்கள் உண்டு; ரௌட்டரிடம் அந்த அடாவடி நடக்காது.

லாரி கிளம்பியது. செய்தியும் கூடவே கிளம்பிவிட்டது. உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைத்து முடித்த சமயம். பயிர் இன்சூரன்ஸுக்குச் சம்சாரி கட்டவேண்டியது ராபி பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதம்தான். ஆனால் சிட்டா, அடங்கல், ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம் என்று காகிதம் சேர்ந்துகொண்டே போகும். டவுனுக்குப் பஸ் ஏறி ஜெராக்ஸ் கடையில் நிற்பதைவிட எங்கள் திண்ணை பக்கம். பட்டா சிட்டாவை ஆன்லைனில் இலவசமாக எடுக்கலாம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மை இலவசமில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

இதைத் தடுக்க ரௌட்டரிலேயே வழி இருக்கிறது. விருந்தினருக்கென்று தனி வைஃபை. நெட் கிடைக்கும், வீட்டுப் பிரிண்டர் கண்ணில் படாது. சின்னையா ஒருத்தர் போனில் அதைப் பார்த்துவிட்டார். "கெஸ்ட்டுன்னு போட்டிருக்கு. நான் என்ன மூணாம் மனுசனா?" என்று எழுந்தவரை, அம்மா கடலை மிட்டாய்த் தட்டோடு வாசல் வரை துரத்திப்போய் அழைத்து வந்தாள். அன்றோடு விருந்தினர் வைஃபை ஒழிந்தது. உண்மையான பாஸ்வேர்டை அப்பா சிவகாசித் தேதி காலண்டரின் தாளில் எழுதிவைத்தார். மறுநாள் விடிந்ததும் அம்மா வழக்கம்போலத் தாளைக் கிழித்தாள். அதற்குள் தெரு முழுக்கப் பாடமாகியிருந்தது. வீட்டுக்காரர்கள் நாங்கள்தான் எதிர்வீட்டுப் பையனிடம் கேட்டு வாங்கினோம்.

இப்போது ராத்திரி பத்து மணிக்குப் பிரிண்டர் தானாக உறுமும். வேப்பமரத்தடியில் யாரோ போனைத் தட்டியிருப்பார்கள். தேர்வாணைய ஹால் டிக்கெட் வரும், ஹாக்கி போட்டி நோட்டீஸ் வரும், வளைகாப்புப் பத்திரிகையின் மாதிரி வரும். கோடை முழுக்கச் சும்மா கிடந்தால் மை காய்ந்து ஹெட் அடைத்துக்கொள்ளும், அதைச் சுத்தம் பண்ணவே பாதி மை போகும் என்று நான் கவலைப்பட்டிருந்தேன். சும்மா கிடந்தால்தானே!

பெரியப்பா பிரிண்டர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். வருகிற தாள் ஒவ்வொன்றும் அவர் கண்ணாடி வழியாகத்தான் வெளியே போகும். சீல் இல்லாத சிட்டா செல்லாது என்று முதலில் அடம்பிடித்தவர், மூலையிலிருக்கும் கியூஆர் கட்டத்தைப் பேரன் போனில் காட்டி ஆன்லைனிலேயே சரிபார்த்ததும் ஒருவழியாக ஒத்துக்கொண்டார். நேற்று சின்னையா தன் சிட்டாவுக்காகக் கையை நீட்டினார். பெரியப்பா தாளைக் கொடுக்கவில்லை.

"இது வடக்குக் காட்டுச் சர்வே நம்பர்லா? அது உன் மச்சினன் பேர்ல கிடக்கு. நீ எப்படி இன்சூரன்ஸ் கட்டுவ? அவன வரச் சொல்லு."