பிரான்சுக்காரர் கணக்கு

(மேகமலை, ஹைவேவிஸ் அணைப்பக்கம் ஒரு டீக்கடை. காலைக் குளிர். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் மப்ளரோடு வந்து உட்கார்கிறார். பணி ஓய்வு பெற்றாலும் சுற்றறிக்கை படிப்பதை அவர் விடவில்லை.)

கடைக்காரர்: வாங்க சார், உங்களத்தான் நினைச்சேன். இருவாச்சி பாக்கணும்னு ஒரு பிரான்சுக்காரர் வந்திருக்காரு. ஒரு மாசம் இருப்பாராம். நேத்து டீ குடிச்சாரு, வடை தின்னாரு, க்யூஆர் அட்டையப் பாத்து முழிச்சாரு. நம்ம பேங்குல அவருக்கு ஒரு கணக்குத் தொறக்க முடியாதா?

மேலாளர்: ஏன் முடியாது? சுற்றுலா வந்த வெளிநாட்டுக்காரர், இங்க குடியில்லாதவங்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்குத் தொறக்கலாம்னு ரிசர்வ் வங்கியே சொல்லுது. பாஸ்போர்ட், விசாவோட போகச் சொல்லு. ஊருக்குக் கெளம்புறப்ப மீதிப் பணத்தைக் கொண்டுபோயிடலாம்.

கடைக்காரர்: உங்க சர்வீஸ்ல எத்தன பேருக்குத் தொறந்து குடுத்திருப்பீங்க?

மேலாளர்: ஒருத்தருக்கும் இல்ல. ஆனா விதி இருக்கு.

கடைக்காரர்: யாரும் கேக்கலியோ?

மேலாளர்: கேட்டாங்க. மதுரைக்கு அனுப்பினேன். மதுரைக்காரங்க மெட்ராசுக்கு அனுப்பியிருப்பாங்க. இங்க பாருப்பா, கணக்கத் தப்பாத் தொறந்தா மேனேஜருக்கு மெமோ. தொறக்காமலே விட்டா ஒரு மெமோவும் கெடையாது.

கடைக்காரர்: எனக்கு மட்டும் 2014-ல ஜன்தன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொறந்தீங்களே. பேலன்ஸ் சைபர். கையில காசில்லாதவனுக்குக் கணக்கு, காசு வச்சிருக்கிறவருக்குக் கதவடைப்பா?

மேலாளர்: உனக்கு டார்கெட் இருந்துச்சு. பிரான்சுக்காரருக்கு எவன் டார்கெட் போட்டான்? அப்படியே தொறந்தாலும் நிபந்தனை இருக்கு. 6 மாசத்துக்கு மேல அந்தக் கணக்கு ஓடக் கூடாது. வெளிநாட்டுலேருந்து வந்த பணம், அவர் கொண்டுவந்து மாத்தின பணம், அப்புறம் வட்டி, இதுதான் உள்ள போகலாம். உள்ளூர்க் காசு சேரக் கூடாது.

கடைக்காரர்: வட்டி குடுக்குறீங்களே, அதுவரைக்கும் சந்தோசம்.

மேலாளர்: அதுல 30 சதவீதம் வரி, மேல செஸ்.

கடைக்காரர்: நல்லாருக்கு. சரி, அவரு தெரியாம 100 ரூவா போட்டுவிட, நான் மீதி 60 ரூவாய ஜீபேல திருப்பிவிட்டா?

மேலாளர்: (டம்ளரை வைத்துவிட்டு) போச்சு! அது உள்ளூர்ப் பணமாச்சே. பெறகு பிராஞ்சே மீதிய அனுப்பிவிட முடியாது. மேல எழுதிக் கேக்கணும்.

கடைக்காரர்: என் வடைக்காசால ஒரு மனுசன் ஊர் போய்ச் சேர முடியாதா?

மேலாளர்: அவர் போகலாம். பணம்தான் போகாது.

கடைக்காரர்: நம்ம ஏலக்கா போடியில ஏலம் போயி சவுதி வரைக்கும் போகுது. அதுக்குண்டான பணம் ஒழுங்கா வந்து சேருது. வெளிநாட்டுலேருந்து ஒரு ஆளு வந்து டீ குடிச்சா மட்டும் இத்தனை சோலியா?

மேலாளர்: அதுக்கும் வழி இருக்கு. 2023-ல, ஜி20-க்கு நம்ம நாடு தலைமையா இருந்த வருஷம், யுபிஐ ஒன் வேர்ல்டுன்னு ஒரு வாலட் வந்துச்சு. பேங்குக் கணக்கே வேணாம். பாஸ்போர்ட், விசாவக் காட்டிப் பணத்த ஏத்திக்கிட்டா உன் அட்டைய ஸ்கேன் பண்ணலாம்.

கடைக்காரர்: எங்க தர்றாங்க?

மேலாளர்: மொதல்ல பெங்களூர், மும்பை, டெல்லி ஏர்போர்ட்டுல ஆரம்பிச்சாங்க.

கடைக்காரர்: சரிதான். 18 கொண்டை ஊசி வளைவு எறங்கி, சின்னமனூர் போயி, பெங்களூர் போயி, காச ஏத்திக்கிட்டு, சாயங்காலம் 6 மணிக்குள்ள செக்போஸ்டுக்குத் திரும்பிட்டார்னா டீ சூடா இருக்கும்.

மேலாளர்: நக்கலு! நேத்துக் காசுக்கு என்ன பண்ணின?

கடைக்காரர்: 20 யூரோ நோட்ட வச்சுட்டுப் போயிட்டாரு. இங்க இருக்குற மட்டும் கழிச்சுக்கச் சொல்லிக் கையக் காட்டினாரு.

மேலாளர்: யூரோவ வாங்கிப் போட்டியா? ஃபெமாங்கிற அன்னியச் செலாவணிச் சட்டம் தெரியுமா ஒனக்கு? (சற்று யோசித்து) இல்ல, இரு. சுற்றிப் பாக்க வந்தவர் வேலைக்குக் கூலியாக் குடுத்தா 2,000 டாலர் மதிப்பு வரைக்கும் நோட்டா வச்சுக்கலாம்.

கடைக்காரர்: அம்புட்டு டீ நான் எந்தக் காலத்துல ஆத்துறது? சரி, உங்க டீக்கு 15 ரூவா சார்.

மேலாளர்: (போனைத் தட்டி, மறுபடி தட்டி) போக மாட்டேங்குது. கே.ஒய்.சி. புதுப்பிக்கலைன்னு என் கணக்க நிறுத்திட்டானுங்க. நான் மேனேஜரா இருந்த பிராஞ்சுய்யா அது!

கடைக்காரர்: விடுங்க சார். பிரான்சுக்காரர் கணக்குல எழுதிக்கிறேன்.

மேலாளர்: அப்படின்னா ஒரு வடையும் சேத்து எழுது.