சடைமுடி ஒலிபரப்புக் கழகம்

பிபிசிக்கு ஒரு பழக்கம் உண்டு. திருடனை விரட்டுவது அரசாங்கம். கூப்பிட்டு வேலை கொடுப்பது பிபிசி.

1967 ஆகஸ்டில், கடலில் கப்பலை நிறுத்திவைத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த திருட்டு வானொலிகளைச் சட்டம் போட்டு ஒடுக்கினார்கள். செப்டம்பர் கடைசியில் பிபிசியின் ரேடியோ ஒன் பிறந்தது. அதில் முதல் ஆளாக மைக் பிடித்தவர் டோனி பிளாக்பர்ன். தொழில் பழகிய இடம்? அதே கப்பல்கள்தான்.

இந்தக் கொடுப்பினை, ஜமைக்காவிலிருந்து வந்து லண்டனில் பஸ் ஓட்டியவர்களின் பிள்ளைகளுக்கு எட்டவில்லை. ரெகே பாட்டை வாரத்துக்குச் சில மணி நேரம் ஆழாக்கில் அளந்து ஊற்றினார்கள். பிபிசியின் ரேடியோ லண்டனில் 1974 முதல் அலெக்ஸ் பாஸ்கால் 'பிளாக் லண்டனர்ஸ்' நிகழ்ச்சி நடத்தினார். இல்லையென்று சொன்னால் பாவம். பிபிசிக்குக் கறுப்பு நிறத்தின் மேல் வெறுப்பு என்றும் சொல்லிவிட முடியாது. வெள்ளையர்கள் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு ஆடிப் பாடும் நிகழ்ச்சியை 1958 முதல் 1978 வரை டிவியில் காட்டியவர்கள் ஆயிற்றே! மை மலிவாகக் கிடைக்கும்போது ஆள் எதற்கு என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

1980களின் தொடக்கத்தில் லெப்கே என்கிற லீராய் ஆண்டர்சன் பொறுமை இழந்தார். இவர் ரெகே பாடகர் பாப் மார்லியின் மனைவி ரீட்டாவுக்குச் சகோதரர் முறை. நம் கணக்கில் பாப் மார்லிக்கு மச்சான். மேற்கு லண்டனில் ஒரு திருட்டு வானொலி நிலையத்தைத் தொடங்கி, 'டிரெட் பிராட்காஸ்டிங் கார்ப்பரேஷன்' என்று பெயர் வைத்தார். அகராதியில் 'டிரெட்' என்றால் பீதி. ஜமைக்காவின் ரஸ்தாஃபாரி மதத்தினர் பேச்சில் சடைமுடிக்காரர். இரண்டும் பொருந்தின. பிபிசியில் முதல் எழுத்தை மட்டும் மாற்றினால் டிபிசி. பிரிட்டனில் கறுப்பர்கள் கறுப்பர்களுக்காக நடத்திய முதல் திருட்டு வானொலி என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

திருட்டு வானொலி என்றதும் பெரிய சதிக்கூடம் என்று நினைக்க வேண்டாம். அக்கால லண்டனில் கையால் செய்த டிரான்ஸ்மிட்டர், மரத்திலோ மாடியிலோ கட்டிய கம்பி, முன்கூட்டியே பதிந்த கேசட் இருந்தால் போதும். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். அதைத் திருப்பிப் போட, அந்த ஊர்க் குளிரில் ஒருவர் காவல் கிடக்க வேண்டும். வருவது ரசிகரா, ரேடியோ இன்ஸ்பெக்டரா என்று காலடி ஓசையை வைத்தே கண்டுபிடிக்கவும் வேண்டும்.

இவ்வளவு ஒளிந்து நடத்த வேண்டிய நிலையத்துக்கு டிபிசிக்காரர்கள் டி-ஷர்ட் போட்டு விற்றார்கள். கன்னம் வைக்கப் போகிறவன் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டிய கதைதான். பின்னாளில் பாடகியாக உலகறிந்த நெனே செர்ரிகூட அங்கே பாட்டுப் போட்டவர். 1984இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்து அதிகாரிகளின் கை நீண்டது. அந்த ஆண்டே டிபிசி ஓய்ந்தது.

அப்புறம்? பழைய பழக்கம்தான். டிபிசியில் பேசிக்கொண்டிருந்தவர் லெப்கேயின் சகோதரி மார்கரெட். வானொலிப் பெயர் ரேங்கிங் மிஸ் பி. 1985இல் ரேடியோ ஒன் அவரைச் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்டது. அங்கே நிகழ்ச்சி நடத்திய முதல் கறுப்பினப் பெண் அவர். சகோதரன் செய்தால் குற்றம், சகோதரி செய்தால் கலாசாரம்.

1990இல் பிரிக்ஸ்டனில், முறையான லைசென்ஸோடு, இருபத்துநாலு மணி நேரமும் கறுப்பர்களுக்கென்றே 'சாய்ஸ் எஃப்எம்' வந்தது. 2004இல் கேபிட்டல் குழுமம் அதை முழுதாக வாங்கியது. கைமாறிக் கைமாறி, 2013இல் அதன் பெயர் 'கேபிட்டல் எக்ஸ்ட்ரா' ஆயிற்று. லெப்கே பிபிசியிடமிருந்து எடுத்தது இரண்டே எழுத்து. சாய்ஸிடமிருந்து பெயரையே எடுத்துவிட்டார்கள். எல்லாம் லைசென்ஸோடுதான்.